இலுப்பை, பாலை, மகிழம்

சந்தையில் சப்போட்டாப் பழம் வாங்கி உண்பவர்களில் பெரும்பாலோர் அது கடல் கடந்து வந்த பழம் என்பதை அறிவார்கள். ஆனால் அந்தச் சப்போட்டாவின் குடும்பத்தைச் சேர்ந்த மூன்று விருட்சங்கள், அது இந்தத் தேசத்து மண்ணில் ஊன்றப்படுவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே நம்முடைய ஆலயங்களிலும் ஏரிக்கரைகளிலும் கடலோரக் காடுகளிலும் தழைத்திருந்து, விளக்கெரிக்க எண்ணெயும் பசிக்குப் பழமும் பூஜைக்குப் புஷ்பமும் நம் முன்னோருக்கு வழங்கி வந்தன என்பதை அறிந்தவர்கள் இன்று மிகச் சிலரே. இலுப்பை, பாலை, மகிழம் என்பவை அம்மூன்று மரங்கள். தோற்றத்திலும் சுபாவத்திலும் பயனிலும் ஒன்றுக்கொன்று வேறுபட்டு நிற்கும் இவை, உற்று நோக்குவோர்க்கு ஒரே வமிசத்தின் அடையாளங்களைத் தெளிவாகக் காட்டுகின்றன. அவற்றின் ஒற்றுமையையும் வேற்றுமையையும், அவை தரும் ஆகாரத்தையும், மக்கள் அவற்றைப் போற்றிய விதத்தையும் ஒருங்கே வைத்துப் பார்ப்பது, இனி எந்த மரத்தை எங்கே நடுவது என்று யோசிப்போர்க்கு மிகுந்த பிரயோஜனம் தரும்.

வமிசத்தின் அடையாளங்கள்

தாவர சாஸ்திரிகள் இம்மூன்றையும் சப்போட்டாவையும் 'சப்போட்டேசி' என்னும் ஒரே குடும்பத்தில் சேர்த்திருக்கிறார்கள். இக்குடும்பத்து மரங்களின் பட்டையைக் கீறினாலும் இலையைக் கிள்ளினாலும் வெண்மையான பால் கசியும். இலைகள் கிளை முழுதும் சிதறிக் கிடவாமல் பெரும்பாலும் சிறு கிளைகளின் நுனியில் நெருங்கிக் கொத்தாக நிற்கும். பழம் சதைப்பற்றுடையதாக இருக்கும். அதனுள்ளே இருக்கும் விதை, மெருகிட்டாற்போலப் பளபளக்கும் பழுப்பு அல்லது கருநிறத் தோடும், அத்தோட்டின் மீது மங்கலான ஒரு தழும்பும் உடையதாக இருக்கும். சப்போட்டாக் கொட்டையின் ஓரத்தில் காணும் வெண்ணிறக் கோடு இத்தழும்பேயாகும். பாலை விதையிலும் அது பக்கவாட்டில் நீண்டிருக்கிறது. மகிழ விதையில் அடிப்பாகத்தில் சிறு வட்டமாக ஒடுங்கிவிடுகிறது.

பூவை எடுத்துப் பார்த்தால், இயற்கை ஓர் ஒழுங்கான கணக்கை இம்மூன்று மரங்களுக்கும் வகுத்துக் கொடுத்திருப்பது புலனாகும். இலுப்பைப் பூவின் புற இதழ்கள் இரண்டிரண்டாக இரு வரிசையில் நான்கு. பாலைப் பூவில் மும்மூன்றாக ஆறு. மகிழம்பூவில் நந்நான்காக எட்டு. பூத்த கிளை ஒன்று கைக்கு எட்டுமானால், பள்ளிப் பிள்ளைகளும் இந்தக் கணக்கைத் தாமே எண்ணிச் சரிபார்த்துக்கொள்ளலாம்.

இந்தக் குடும்பம் உலகமெங்கும் பரவியது. மேற்கு ஆப்பிரிக்க மக்கள் சமையலுக்கும் மேனிக்கும் பயன்படுத்தும் ஷியா வெண்ணெய் இவ்வினத்து மரமொன்றின் கொட்டையிலிருந்து வருவது. மலேயக் காடுகளில் எடுத்த 'கட்டாபெர்ச்சா' என்னும் பாற்பிசினும் இவ்வினத்து மரத்தினுடையதே. 1851-ஆம் ஆண்டில் இங்கிலாந்துக்கும் பிரான்ஸுக்கும் இடையே கடலடியில் தந்திக் கம்பி போட்டபோது, உப்பு நீர் தீண்டாதபடி அக்கம்பிக்கு உறையாக அமைந்தது அந்தப் பிசின்தான்.

இலுப்பை

மூவகை மரங்களிலும் மனித வாழ்க்கையோடு அதிகமாகக் கலந்தது இலுப்பை. மாசி பங்குனி மாதங்களில் இலைகளை உதிர்த்துவிட்டு, செம்பு நிறத் தளிர்கள் விரியும் தறுவாயில், கிளை நுனிகளில் கொத்துக் கொத்தாகப் பூக்களைத் தொங்கவிடும் இம்மரம், தன் பூவை மாலையாகத் தொடுப்பதற்கென்று தருவதில்லை, உண்பதற்கென்றே தருகிறது. இரவில் மலரும் அப்பூவின் அக இதழ்கள் ஒன்றுகூடி, தடித்து, சாறு நிறைந்த சிறு குமிழாகி, விடியற்காலையில் தாமே கழன்று தரையில் உதிர்கின்றன. பழந்தின்னி வௌவால்கள் இரவெல்லாம் இப்பூக்களை நாடி வந்து மகரந்தச் சேர்க்கைக்குத் துணை செய்கின்றன. இதழ் உதிர்ந்த பிறகும் சூலகம் காம்பிலேயே தங்கிக் காயாக வளர்வதால், உதிர்ந்த பூவை எவ்வளவு பொறுக்கி எடுத்தாலும் காய்ப்புக்கு ஒரு குறையும் நேராது. இவ்வாறு ஒரே மரம் ஒரே ஆண்டில், வேனிலில் பூவாக ஒரு விளைச்சலும், ஆனி ஆடி மாதங்களை ஒட்டி விதையாக மற்றொரு விளைச்சலும் அளிக்கிறது.

சங்கப் புலவர்கள் இம்மரத்தை 'இருப்பை' என்ற பெயரால் பாடி, அதன் இனிய பூவைக் கரடிகள் விரும்பித் தின்னும் காட்சியைப் பல இடங்களில் சித்திரித்திருக்கிறார்கள். உலர்ந்த பூவின் எடையில் பாதிக்கு மேற்பட்ட பகுதி சர்க்கரை என்பதை அறியும்போது, 'ஆலை இல்லா ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை' என்ற பழமொழி வெறும் உவமானமாக நில்லாமல், பொருளின் தன்மையை அறிந்து சொன்ன வாக்காகவே விளங்குகிறது. தமிழ்நாட்டில் பூவை உண்ணும் வழக்கம் குறைந்துவிட்டாலும், மத்திய இந்தியாவில் வளரும் அகன்ற இலையுடைய இலுப்பை வகையான மகுவாவின் பூவைக் கோண்டர், சந்தாலர், ஒராவோன் முதலிய பழங்குடி மக்கள் இன்றும் கூடை கூடையாகச் சேகரித்து, உலர்த்தி, சமைத்து உண்கிறார்கள், மதுவும் வடிக்கிறார்கள். மதுவரி வருமானத்தை முன்னிட்டு 1892-இல் பம்பாய் அரசாங்கம் ஒரு சட்டம் இயற்றி, தாணா, கொலாபா ஜில்லாக்களில் இப்பூவைச் சேகரிப்பதற்குத் தடை விதித்தது. கானகத்து எளிய மக்கள் பஞ்ச காலத்தில் நம்பியிருந்த ஆகாரத்தையே குற்றப் பொருளாக்கிய அந்தச் சட்டம், ஒரு மரத்தின் பூ ஓர் அரசாங்கத்தின் கணக்கையே பாதிக்கும் அளவுக்கு மக்களின் வாழ்வில் இடம் பெற்றிருந்தது என்பதற்குச் சான்றாகவும் நிற்கிறது.

பூவுக்கு அடுத்தபடியாகப் பேசத்தக்கது விதை. இலுப்பைப் பழத்தின் சதையை வௌவால்களும் கிளிகளும் உண்ண, உள்ளிருக்கும் விதைகளை மக்கள் பொறுக்கி உலர்த்தித் தோடு நீக்கிச் செக்கிலிட்டு ஆட்டுவார்கள். பருப்பின் எடையில் ஏறத்தாழப் பாதி கொழுப்பு. அந்த எண்ணெய் குளிர்ச்சியில் நெய் போல உறையக்கூடியது. நிதானமாக நெடுநேரம் எரிய வல்லது. கோயில் விளக்குகளுக்கு இலுப்பை எண்ணெய் விசேஷமாகக் கருதப்பட்டதற்கும், பல ஆலயங்களைச் சார்ந்து இலுப்பைத் தோப்புகள் பராமரிக்கப்பட்டதற்கும் காரணம் இதுதான். மாயூரத்தை அடுத்த திருப்பழமண்ணிப்படிக்கரை என்னும் தேவாரத் தலம், ஸ்தல விருட்சமான இலுப்பையால் இலுப்பைப்பட்டு என்றே இன்று வழங்குகிறது. ஏழை எளியவர்கள் இவ்வெண்ணெயில் பலகாரம் சுடுவதும் உண்டு. மூட்டுவலிக்குத் தேய்ப்பதும், சோப்புக் காய்ச்சுவதும் உண்டு.

எண்ணெய் எடுத்தபின் எஞ்சும் பிண்ணாக்கும் வீணாவதில்லை. நுரைக்கும் தன்மையுள்ள 'சப்போனின்' என்னும் பொருள் அதில் மிகுந்திருப்பதால், எண்ணெய் ஸ்நானத்தின்போது தலைப்பிசுக்கைப் போக்க அதைத் தேய்த்துக் குளித்தார்கள். அதே பொருள் மீன்களுக்கு நஞ்சாவதால், மீன் வளர்ப்போர் புதிய குஞ்சுகளை விடுவதற்கு முன் குளத்திலுள்ள வேண்டாத மீன்களை அகற்ற இலுப்பைப் பிண்ணாக்கைக் கரைக்கிறார்கள். சில வாரங்களில் நஞ்சு நீங்கி, அதுவே குளத்துக்கு உரமாகிவிடுகிறது. இந்த நஞ்சின் காரணத்தால் பிண்ணாக்கைப் பக்குவம் செய்யாமல் கால்நடைகளுக்குத் தீனியாக வைப்பது தகாது. இலுப்பை மரமோ உறுதியானது. நீரையும் வெயிலையும் தாங்குவது. வண்டிகளுக்கும் படகுகளுக்கும் கதவு நிலைகளுக்கும் அதை விரும்பி அறுத்தார்கள்.

பாலை

பழத்தை மட்டும் அளவுகோலாக வைத்து மதிப்பிட்டால் முதலிடம் பெறத்தக்கது பாலை. ஏழிலைப்பாலை, வெட்பாலை, குடசப்பாலை என்று பெயரில் ஒத்திருக்கும் மரங்கள் அரளியின் குடும்பத்தைச் சேர்ந்தவை. அவற்றுக்கும் உண்ணத்தக்க பழம் தரும் இந்தப் பாலைக்கும் உறவில்லை என்பதை வாசகர்கள் முதலில் மனத்தில் கொள்ள வேண்டும். நாம் இங்கே பேசுவது உலக்கைப்பாலை என்றும் வழங்கும் மரம். சோழ மண்டலக் கரையை ஒட்டிய உலர்ந்த பசுமைமாறாக் காடுகளுக்கு உரிய தலைமை மரம் இதுவே. கோடியக்கரைக் காட்டில், உப்புக் காற்றும் மணற்பாங்கான நிலமும் நீண்ட வறட்சியும் ஒருங்கே சேர்ந்து வருத்தும் சூழ்நிலையிலும், தடித்த சிறு இலைகளோடு ஆண்டு முழுவதும் பசுமை குன்றாமல் நிற்கும் பாலையைக் காணலாம். ஈழத்தில் வன்னிக் காடுகளிலும், சிங்களவர் 'பலு' என்று அழைக்கும் இம்மரம் நிறைந்த வில்பத்து, யால முதலிய வனங்களிலும் இது செழித்திருக்கிறது.

கோடையில் கனியும் பாலைப்பழம், சிறு விரல் நுனியளவே உள்ள நீள்வட்டக் கனி. பழுத்தால் பொன்மஞ்சள் நிறம். மெல்லிய தோலுக்குள் மிகுந்த இனிப்புடைய பிசுபிசுப்பான சதை. நடுவே பெரும்பாலும் ஒரே விதை. பறித்த உடனே உண்டால் அதன் பால் உதடுகளில் பிசின் போல ஒட்டிக்கொள்ளும். சற்று வாடவிட்டு உண்டால் அந்தத் தொல்லை குறையும். பருவம் வந்ததும் வன்னிக் கிராமத்தார் காட்டுக்குள் சென்று பழம் சேகரித்து வந்து விற்பார்கள். சாற்றைக் காய்ச்சிப் பாணியாக்கி வைத்துக்கொள்வாரும் உண்டு. வடக்கே டில்லியில் 'கிர்னி' என்ற பெயரால் இது வேனிற்காலத் தெருக்களில் விற்பனையாகிறது. குஜராத்தியர் 'ராயண்' என்று அழைத்து, பழத்தை உலர்த்தி ஆண்டு முழுவதும் வைத்து உண்கிறார்கள். அங்குள்ள சத்ருஞ்ஜய மலையில் ஆதிநாதரோடு தொடர்புபடுத்திச் சமணர்கள் வணங்கும் புனித மரமும் ராயண் மரமே.

மனிதர்களைக் காட்டிலும் இப்பழத்தின் அருமையை உணர்ந்தவை விலங்குகள் என்று கூடச் சொல்லலாம். ஈழத்து வனங்களில், மற்றக் காலங்களில் மறைந்து திரியும் கரடிகள், பாலைப்பழம் உதிரும் மே முதல் ஜூலை வரையுள்ள மாதங்களில் மரத்தடிகளுக்கு வெளிப்படையாகவே வந்துவிடுகின்றன, மரமேறியும் தின்கின்றன. கரடிகளைக் காண விரும்பும் யாத்திரிகர்கள் அந்தப் பருவத்தையே தேர்ந்தெடுத்துச் செல்கிறார்கள். இலுப்பையின் பூவும் பாலையின் பழமும் ஒரே விலங்குக்குப் பிரியமான உணவாக அமைந்திருப்பது இவ்விரு மரங்களின் இனிமையைக் கூறப் போதுமானது.

பாலையின் மரம் இரும்பை ஒத்த திண்மையுடையது. தண்ணீரில் இட்டால் மிதவாமல் அமிழ்ந்துவிடும். செக்குக்கும் உலக்கைக்கும் வீட்டு உத்தரங்களுக்கும் அதைத் தேர்ந்தார்கள். இலங்கையில் ரயில் பாதைக்கு அடிக்கட்டையாகவும் போட்டார்கள். இத்தனை திண்மையும் மெதுவான வளர்ச்சியின் பயன். வெட்டுவதற்கு ஒரு நாள் போதும். வெட்டிய இடத்தில் மற்றொன்று அதே பருமனை எய்துவதற்குப் பல தலைமுறைகள் செல்லும்.

மகிழம்

மகிழத்தின் பெருமை பழத்தைக் காட்டிலும் பூவில் இருக்கிறது. அடர்ந்து கவிந்த கரும்பச்சை இலைகளுக்கிடையே கண்ணுக்குப் புலப்படாமல் மலர்ந்து, நட்சத்திர வடிவில் தரையெங்கும் உதிரும் அச்சிறு பூக்கள், வாடி உலர்ந்து நிறம் மாறிய பிறகும் வாசனையை இழப்பதில்லை. பெட்டிகளில் துணிகளுக்கிடையே அவற்றை இட்டு வைக்கும் வழக்கம் இதனால் எழுந்தது. நம்மாழ்வார் மகிழ மாலை அணிந்தமையால் வகுளாபரணர் என்று போற்றப்படுகிறார். திருவண்ணாமலையின் ஸ்தல விருட்சம் மகிழம். திருவொற்றியூரில் சுந்தரர் சங்கிலியாருக்குச் சத்தியம் செய்து கொடுத்ததாகப் புராணம் கூறுவது மகிழ மரத்தடியில். திருக்கண்ணங்குடியின் அதிசயங்களைப் பட்டியலிடும் வழக்கில் 'காயா மகிழ்' ஒன்று. நம்முடைய அடுக்களையில் கூட, பூவின் வடிவை நினைந்து மகிழம்பூ முறுக்கு என்று ஒரு பலகாரத்துக்குப் பெயரிட்டிருக்கிறோம்.

மகிழம்பழம் ஓரங்குலத்துக்குக் குறைந்த நீளமுள்ள முட்டை வடிவக் கனி. பழுத்தால் ஆரஞ்சு கலந்த மஞ்சள் நிறமாகும். சதை மாவாகவும், இனிப்போடு துவர்ப்பு மிகுந்ததாகவும் இருக்கும். பள்ளிக்குச் செல்லும் பிள்ளைகள் பொறுக்கித் தின்பதற்கும், பறவைகளுக்கும் வௌவால்களுக்கும் அது உகந்ததே அன்றி, சந்தைக்கு ஏறும் பழமாக அது எக்காலத்தும் இருந்ததில்லை. அதற்குப் பதிலாக அந்தத் துவர்ப்பே வைத்தியத்தில் உதவியது. பட்டையிலும் இளங்காயிலும் நிறைந்திருக்கும் துவர்ப்புச் சத்து ஈறுகளை இறுக்கும் தன்மையுடையதாகையால், மகிழம்பட்டைக் கஷாயத்தால் வாய் கொப்பளிப்பதும், பட்டையைப் பொடித்துப் பற்பொடியில் சேர்ப்பதும், ஆடும் பல்லுக்கு இளங்காயை மெல்லுவதும் சித்த, ஆயுர்வேத வைத்தியர்கள் வழிவழியாகக் கூறி வந்த முறைகள். இக்காலத்திலும் மூலிகைப் பற்பொடிகள் பலவற்றில் மகிழம்பட்டை இடம் பெறுகிறது.

சப்போட்டாவும் பாலையின் வேரும்

சப்போட்டாவின் பூர்வீகம் தென் மெக்ஸிகோவும் மத்திய அமெரிக்காவும். அந்நாட்டுப் பழங்குடியினர் அதன் பாலைக் காய்ச்சி மென்று வந்தார்கள். பிற்காலத்துச் 'சூயிங்கம்' அதிலிருந்தே பிறந்தது. ஸ்பானியர் அதைப் பிலிப்பைன்ஸ் தீவுகளுக்குக் கொண்டுசென்றனர். அவ்வழியே அது கீழ்த்திசையில் பரவியது. இந்தியாவில் தோட்டப் பயிராக அது வேரூன்றியது பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில். மகாராஷ்டிரத்துக் கோல்வாட் கிராமத்தில் 1898-ஆம் ஆண்டு நடப்பட்டதே முதற்சப்போட்டா என்று கூறுகிறார்கள். தமிழ்நாட்டில் பெரியகுளத்துத் தோட்டக்கலை நிலையம் பல உயர்ந்த ரகங்களை வெளியிட்டிருக்கிறது.

ஆயினும் சப்போட்டாத் தோட்டங்களில் கண்ணுக்குத் தெரியாத ஓர் உண்மை புதைந்திருக்கிறது. நல்ல சப்போட்டா ரகங்கள் விதையிலிருந்து வளர்க்கப்படுவதில்லை. வேறொரு செடியின் மீது ஒட்டுக் கட்டப்படுகின்றன. அதற்கு அடித்தண்டாக இந்நாட்டு நாற்றங்கால்கள் தேர்ந்தெடுக்கும் செடி பாலையே. பாலை நாற்று ஒட்டுக் கட்டும் பருமனை அடைய ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் ஆகும் என்றாலும், வறட்சியையும் உப்புத்தன்மையையும் தாங்கும் அதன் வேரும், நீண்ட ஆயுளும், மேலே ஒட்டிய சப்போட்டாவுக்கு அது அளிக்கும் வலிமையும் அந்தக் காத்திருப்புக்கு ஈடு செய்துவிடுகின்றன. ஆகவே நாம் உண்ணும் சப்போட்டாவில் பெரும்பகுதி, இந்நாட்டுக் காட்டு மரமொன்று மண்ணிலிருந்து உறிஞ்சிக் கொடுத்த நீரால் விளைந்தது. பாலைக் காடுகள் அழிந்தால், அதன் விதைக்கு எங்கே போவது என்ற கேள்வி சப்போட்டாத் தோட்டக்காரரின் வாயிலிலும் வந்து நிற்கும்.

எதில் எந்தச் சத்து?

உணவுச் சத்தை ஒப்பிட்டுப் பார்த்தால் நான்கு மரங்களும் நான்கு வழியில் செல்வது விளங்கும். நூறு கிராம் சப்போட்டாவில் சுமார் 20 கிராம் மாவுச்சத்தும், 5 கிராம் நார்ச்சத்தும், ஏறக்குறைய 15 மில்லிகிராம் வைட்டமின் சி-யும் உள்ளன. நார்ச்சத்தே அதன் சிறப்பு. பாலைப்பழத்தில் வைட்டமின் சி ஏறத்தாழ அதே அளவுதான். ஆனால் சர்க்கரையும் மாவும் சேர்ந்து சுமார் 27 கிராம் வரை செல்வதால் அதிகச் சக்தி தருகிறது. கால்சியம் 80 மில்லிகிராம் அளவில், சப்போட்டாவைப் போல ஏறத்தாழ மூன்று மடங்கு. அதன் மஞ்சள் நிறத்துக்குக் காரணமான கரோட்டின், உடலில் வைட்டமின் ஏ-யாக மாறுவது. சப்போட்டாவில் கரோட்டின் மிகக் குறைவு. எனவே அளவில் சிறியதாயினும் சத்தில் பாலைப்பழம் சப்போட்டாவுக்கு இளைத்ததன்று. சில வகைகளில் அதனினும் மேம்பட்டது.

இலுப்பையைப் பழமாக மதிப்பிடுவது பொருந்தாது. அதன் ஆகாரம் பூவிலும் விதையிலும் பிரிந்து கிடக்கிறது. பூ சர்க்கரைக்கு, விதை கொழுப்புக்கு. விதைக் கொழுப்பில் ஆலிவ் எண்ணெயில் மிகுந்துள்ள ஒலியிக் அமிலமே அதிகம்; அதனுடன் பால்மிடிக், ஸ்டியரிக் அமிலங்களும் கணிசமாகக் கலந்திருப்பதால்தான் அது குளிரில் உறைகிறது. ஆனால் பச்சை விதையில் சப்போனின் இருப்பதால் அதை அப்படியே உண்ணக்கூடாது. மகிழம்பழமோ சத்துக்கென்று தேடி உண்ணத்தக்கதன்று. அதன் மதிப்பு துவர்ப்பிலும் வாசனையிலும் அடங்கியது. உண்ணப் பாலை, பிழைப்புக்கு இலுப்பை, நிழலுக்கும் மணத்துக்கும் மகிழம் என்று வகுத்துக்கொள்வது நியாயமான தீர்ப்பாக இருக்கும்.

குறைந்து வரும் செல்வம்

மண்ணெண்ணெயும் பிறகு மின்சாரமும் வந்து விளக்குகளை மாற்றின. விலை மலிந்த எண்ணெய்கள் வந்து செக்குகளை நிறுத்தின. விதை பொறுக்கி ஆட்டுவதில் ஆதாயம் குறைந்ததும், இலுப்பைத் தோப்புகள் எண்ணெய்க்காக அன்றி மரத்துக்காக மதிக்கப்படலாயின. மரத்துக்காக மதிக்கப்படும் தோப்பு நெடுநாள் நிலைப்பதில்லை. கடலோரத்துப் பாலைக் காடுகளும் விறகுக்கும் குடியிருப்புக்கும் சவுக்குத் தோப்புகளுக்கும் இடம் கொடுத்துச் சிறு சிறு துண்டுகளாகச் சுருங்கின. எஞ்சியவற்றில் பல, ஐயனார் கோயிலைச் சூழ்ந்த காடுகளாக, மக்களின் பக்தியால் காப்பாற்றப்பட்டவை. அந்தக் காவலின் அருமையைக் காட்டும் ஒரு செய்தி அண்மையில் கேரளத்திலிருந்து வந்தது. 1835-இல் தாவர அறிஞர் ராபர்ட் வைட் சேகரித்த பிறகு எவர் கண்ணிலும் படாமல், அழிந்துவிட்டதோ என்று கருதப்பட்ட ஓர் இலுப்பை இனம், ஏறத்தாழ 180 ஆண்டுகளுக்குப் பின் கொல்லத்தை அடுத்த ஒரு கோயிற்காவில் மீண்டும் கண்டுபிடிக்கப்பட்டது. சாஸ்திரம் தேடித் தவித்த மரத்தைச் சாமிக்குரியது என்ற ஓர் எண்ணம் அத்தனை காலமும் காத்து வைத்திருந்தது.

பாதுகாப்பது ஒரு பாதி. புதிதாக நடுவது மறு பாதி. இலுப்பை விதை உலர்ந்தால் சில வாரங்களிலேயே முளைக்கும் சக்தியை இழந்துவிடும். ஆகையால் பழம் உதிரும் பருவத்திலேயே புதிய விதையை எடுத்து உடனே ஊன்ற வேண்டும். பத்து ஆண்டுகளளவில் அது காய்க்கத் தொடங்கித் தலைமுறை தலைமுறையாகப் பயன் தரும். ஏரிக்கரை, சாலையோரம், கோயில் நிலம், பள்ளி மைதானத்தின் எல்லை முதலிய விரிந்த இடங்களே அதற்கு ஏற்றவை. பாலை விதையின் தோடு கடினமானதால் முளைக்கத் தாமதமாகும். பொறுமையோடு வளர்த்தெடுத்தால், வேறு பழமரங்கள் தாங்காத கடலோர மணலிலும் வறண்ட செம்மண்ணிலும் அது நிலைத்து நிற்கும். மகிழம் வீட்டுத் தோட்டத்துக்கும் நகரத்துச் சாலைக்கும் உகந்தது. இலை உதிர்த்து வெறுமையாக நிற்பதில்லை. சற்று நிழலிலும் வளரும்.

நாட்டுப் பழமரங்களைப் பற்றிய பேச்சு இப்போது எங்கும் பெருகியிருக்கிறது. அந்தப் பேச்சு நாற்றாக மாற வேண்டுமானால், சப்போட்டாவுக்கு அடித்தண்டாகும் பொருட்டுப் பாலை நாற்றுகளை வளர்க்கும் அதே நாற்றங்கால்கள், அவற்றுள் ஒரு பகுதியைப் பாலையாகவே வளரவிட்டு மக்களுக்கு விற்க முன்வர வேண்டும். ஆலய நிர்வாகங்கள் தங்கள் வெற்று நிலங்களில் இலுப்பைத் தோப்புகளை மீண்டும் எழுப்ப வேண்டும். ஊராட்சிகள் சாலையோரத்துக்கு மரம் தேர்ந்தெடுக்கும்போது விரைவில் வளர்வது எது என்று மட்டும் பாராமல், நூறு ஆண்டுகள் பயன் தருவது எது என்றும் பார்க்க வேண்டும். வாசகர்களும் வரும் மழைக்காலத்துக்கு முன் இம்மூன்றில் ஒன்றையேனும் தம் ஊரில் நட்டு, அது தன்னைத் தானே காத்துக்கொள்ளும் வயதை எய்தும்வரை நீர் வார்த்து வளர்க்க வேண்டும்.